போஸ்ட்கிரெஸுக்குள்ளிருந்து சி நிரலை அழைத்தால் சேவையகம் முழுவதும் விழுகிறது: தவறு எங்கே?

கேள்வி: ஏட்டுப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். ஒரு பொது நூலகத்தின் நூற்பட்டியலைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். பட்டியலில் ஏறத்தாழ 2,10,000 பதிவுகள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, ஒருங்குறி பரவலாவதற்கு முன் திஸ்கி என்னும் பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே பைட்டுகளாக போஸ்ட்கிரெஸ் 15 தரவுத்தளத்தில், மூலப் பைட்டுகளுக்கான பைட்டா வகை நெடுவரிசை ஒன்றில் வைத்திருக்கிறோம். கிளை நூலகங்கள் சிலவற்றிலிருந்து இன்றும் பழைய மென்பொருள் வழியாகத் திஸ்கிப் பதிவுகள் வந்துகொண்டிருப்பதால், இதை ஒரே நாளில் மாற்றி முடித்துவிடும் வேலையாகக் கருத முடியவில்லை.

எங்களிடம் முன்பு பணியாற்றிய ஒருவர் திஸ்கியை யூடிஎஃப்-8 ஆக மாற்றச் சி மொழியில் ஒரு சிறிய நிரல்தொகுப்பு எழுதிவைத்திருக்கிறார். ஏற்றுமதிக் கோப்புகளை வரிவரியாக அதற்குக் கொடுத்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கட்டளை வரியில் பயன்படுத்தி வருகிறோம். ஒருமுறைகூட அது பிழை செய்ததில்லை. அந்த நம்பிக்கையில், அதையே தரவுத்தளத்துக்குள் ஒரு செயற்கூறாக இணைத்துவிட்டால், தேடல் வினவலிலேயே தலைப்பை மாற்றிக் காட்டலாம் என்று எண்ணினேன். கையேட்டைப் படித்து, அது சொன்னபடியே பதிப்புப் பொருத்தத்தைச் சரிபார்க்கும் மேஜிக் பிளாக்கைச் சேர்த்து, மூல நிரலில் நினைவகம் ஒதுக்கும் மாலாக் இருந்த இடங்களில் போஸ்ட்கிரெஸின் சொந்த ஒதுக்கியான பாலாக் இட்டு, பகிர்நிரலாகத் தொகுத்து, கிரியேட் ஃபங்ஷன் கட்டளையில் மொழி சி என்று அறிவித்தேன். வெளியீட்டுக்கான இடத்தை, உள்ளீட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கும் அதற்கு மேல் ஒரு பைட்டும் என்று மூல ஆசிரியரே ஒதுக்கியிருந்தார். தமிழ் எழுத்து ஒன்றுக்கு யூடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால் அதை நான் மாற்றவில்லை.

சோதனைத் தரவில் எல்லாம் சரியாக நடந்தது. உண்மையான அட்டவணையில் ஓட்டியபோது சில தலைப்புகளின் இறுதியில் சம்பந்தமில்லாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வந்தன. அது போதாதென்று, சில ஆயிரம் வரிசைகளுக்குப் பிறகு இணைப்பு அறுந்தது. பதிவேட்டில் சேவையகப் பிராசஸ் (ஓடும் நிரல்) ஒன்று சிக்னல் 11ஆல், அதாவது நினைவக மீறலால், நின்றதாகவும், மற்ற எல்லாப் பிராசஸ்களும் நிறுத்தப்படுவதாகவும் எழுதியிருந்தது. நூல் வழங்கும் முகப்பில் இருந்த நான்கு கணினிகளும் அதே நொடியில் துண்டிக்கப்பட்டன. வரிசையில் நின்றவர்கள் ஏழெட்டு நிமிடம் காத்திருக்க நேர்ந்தது. பிழையை ஓரளவு திருத்திப் புதிய கோப்பை அதே இடத்தில் நகலெடுத்தபோது, நான் எந்த வினவலும் ஓட்டாமலே மீண்டும் அதே நிகழ்ந்தது.

என் வினவல் தவறினால் என் இணைப்பு மட்டும்தானே அறுபட வேண்டும்? மற்றவர்களுடையது ஏன் அறுபடுகிறது? ஆரக்கிள் தரவுத்தளத்தோடு நெடுங்காலம் பணியாற்றிய என் மேலாளர், அங்கே இப்படி நடக்காது என்கிறார். அது உண்மையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். முன்பதிவு செய்யப்பட்ட நூல் திரும்பி வந்ததும் வாசகருக்குக் குறுஞ்செய்தி போகும்படி, தரவு மாறும்போது தரவுத்தளம் தானே இயக்கும் டிரிகரிலிருந்து பைத்தான் நிரல் ஒன்றை அழைக்கும் எண்ணமும் இருக்கிறது. முதல் அனுபவத்துக்குப் பிறகு அதைத் தொடத் தயக்கமாக உள்ளது.

பதில் 1: நிரல்வழி

வணக்கம். நீங்கள் விவரங்களை மறைக்காமல் எழுதியிருப்பதால் இங்கிருந்தே இரண்டு பிழைகளைக் காண முடிகிறது. அதற்கு முன், எல்லோரும் ஏன் துண்டிக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனி பிராசஸ் உண்டு என்பது சரிதான். ஆனால் அந்தப் பிராசஸ்கள் அனைத்தும் ஒரே பகிர்வு நினைவகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வட்டிலிருந்து எடுத்த பக்கங்களும் பூட்டுகளின் கணக்கும் அங்கேதான் இருக்கின்றன. உங்கள் சி நிரல் தனிப் பிராசஸாக ஓடுவதில்லை. உங்கள் இணைப்புக்குரிய சேவையகப் பிராசஸின் உள்ளேயே ஏற்றப்பட்டு, அதன் ஓர் உறுப்பாகவே ஓடுகிறது. அது சிக்னல் 11ஆல் விழும்போது, விழுவதற்கு முந்தைய கணத்தில் பகிர்வு நினைவகத்தில் எதையேனும் கிறுக்கிவிட்டதா என்று தலைமைப் பிராசஸுக்குத் தெரிய வழியில்லை. கெட்டுப்போன ஒரு பக்கம் வட்டுக்குப் போய்விட்டால் தரவே அழிந்துவிடும். ஆகையால் எல்லா இணைப்புகளையும் நிறுத்தி, பகிர்வு நினைவகத்தைப் புதிதாக அமைத்து, மாற்றப் பதிவேட்டிலிருந்து மீட்டெடுத்த பிறகே அது மறுபடி கதவைத் திறக்கிறது. முகப்பில் நின்றவர்களுக்கு அது துன்பமாக இருந்திருக்கும், ஆனால் உங்கள் பட்டியலைக் காப்பாற்றியது அந்த நடவடிக்கைதான்.

இப்போது மூன்று மடங்கு என்னும் கணக்குக்கு வருவோம். பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். ஒருங்குறியில் தமிழ்க் குறியீட்டுப் புள்ளி (எழுத்துக்கோ குறிக்கோ ஒருங்குறி தரும் தனி எண்) ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் என்பது மெய். ஆனால் திஸ்கியில் ஒரு பைட் என்பது ஒரு வரிவடிவம். அது ஒரே ஒரு குறியீட்டுப் புள்ளியாகத்தான் விரியும் என்பதில்லை. "ங்" திஸ்கியில் ஒரு பைட். ஒருங்குறியில் மெய்யின் உருவும் புள்ளியுமாக 6 பைட். "மு" அவ்வாறே 6 பைட். "ஸ்ரீ" திஸ்கியில் ஒரே பைட். ஒருங்குறியில் ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு குறியீட்டுப் புள்ளிகளாக விரிந்து 12 பைட் ஆகிறது.

"கமலா" என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திஸ்கியில் 4 பைட், ஒருங்குறியில் 12 பைட், நீங்கள் ஒதுக்குவது 13 பைட். சரம் முடிந்ததைக் குறிக்கும் இறுதிச் சுழியும் (0 என்னும் பைட்) சேர்ந்து கச்சிதமாகப் பொருந்துகிறது. உங்கள் சோதனைத் தரவு இத்தகைய பெயர்களாக இருந்திருக்கலாம். "சங்கரன்" 5 பைட். அதற்கு 16 பைட் ஒதுக்குகிறீர்கள், தேவைப்படுவதோ 22. "ஸ்ரீரங்கம்" என்பதும் 5 பைட்தான். அதற்கும் 16 பைட்டே ஒதுக்கப்படுகிறது, தேவை 31. 64 பிட் லினக்ஸில் மாலாக்கிடம் 16 பைட் கேட்டால் உண்மையில் 24 பைட் வரை எழுத இடம் கிடைக்கும். ஆகவே "சங்கரன்" அங்கே ஓசையின்றித் தப்பிவிடுவார். பாலாக்கோ இரண்டின் அடுக்காக முழுமைப்படுத்துவதால், 16 கேட்டால் சரியாக 16 மட்டுமே தரும். 17ஆம் பைட்டிலிருந்து அடுத்த துண்டின் தலைப்பகுதியை அழித்துக்கொண்டு போகிறீர்கள். எப்போது விழும் என்பது அந்த அடுத்த துண்டை யார், எப்போது தொடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சில வரிசைகள் தப்புவதும் சில ஆயிரங்களுக்குப் பிறகு விழுவதும் அதனால்தான்.

கட்டளை வரியில் பத்தாண்டுகளாக ஏன் விழவில்லை என்பதற்கும் விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அங்கே முழு வரியையும் கொடுத்தீர்கள். வரியில் பதிவு எண், ஆண்டு, ஆங்கிலத்தில் பதிப்பக விவரம், இடைவெளி, காற்புள்ளி எல்லாம் இருந்திருக்கும். அவை ஒரு பைட்டிலிருந்து ஒரு பைட்டாகவே மாறும் என்பதால், மெய்யெழுத்துகளும் உகர வரிசையும் கேட்ட கூடுதல் இடத்தை அவை ஈடுசெய்துவிட்டன. தரவுத்தளத்தில் தலைப்பை மட்டும் பிரித்துக் கொடுத்தபோது அந்த ஈடு இல்லாமல் போயிற்று. நிரல்தொகுப்பு அன்றும் பிழையோடுதான் இருந்தது.

இறுதியில் ஒட்டிக்கொள்ளும் எழுத்துகள் வேறு ஒரு பிழையால் வருபவை. மூல நிரல் சுழியில் முடியும் சரத்தை எதிர்பார்க்கிறது என்று ஊகிக்கிறேன். போஸ்ட்கிரெஸின் பைட்டா மதிப்புக்கு முன்னால் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். இறுதியில் சுழி இராது. அந்த முகவரியை அப்படியே கொடுத்தால், உங்கள் நிரல் தலைப்பைத் தாண்டிப் பக்கத்து நெடுவரிசையின் பைட்டுகளையும் திஸ்கியாக நினைத்து மாற்றிக்கொண்டே போகும், எங்கேனும் ஒரு சுழி எதிர்ப்படும் வரை. நீளத்தைக் கேட்டு, அதைவிட ஒரு பைட் கூடுதலாக ஒதுக்கி, நகலெடுத்து, கடைசியில் நீங்களே சுழியை வையுங்கள். ஏறத்தாழ 2 கிலோபைட்டைத் தாண்டும் மதிப்புகள் சுருக்கப்பட்டோ தனி அட்டவணையில் துண்டாக்கப்பட்டோ இருக்கக்கூடும் என்பதால், அளவுருவைப் பெறுவதற்குக் கையேடு தரும் மேக்ரோக்களை (ஆயத்தச் சுருக்கக் கட்டளைகளை) மட்டுமே பயன்படுத்துங்கள். அவை விரித்துத் தந்துவிடும்.

கோப்பை நகலெடுத்தபோது விழுந்ததும் விளங்கக்கூடியதே. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ்கள் அந்தக் கோப்பைத் தம் நினைவகத்தோடு நேரடியாகப் பிணைத்து வைத்திருக்கின்றன. அதன் மேலேயே எழுதினால் அவர்கள் காலடியில் நிரல் மாறிவிடும். புதிய கோப்பை அதே அடைவில் வேறு பெயரில் வைத்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். பழைய இணைப்புகள் பழைய நிரலோடு அமைதியாகத் தொடரும்; புதிய இணைப்புகள் புதியதை எடுத்துக்கொள்ளும்.

திருத்திய பின்னும் உடனே தரவுத்தளத்தில் ஏற்றாதீர்கள். அதே நிரலைத் தனியே ஒரு சிறு சோதனை நிரலோடு இணைத்து, முகவரிச் சோதனைக் கருவியான அட்ரஸ் சானிடைசரை இயக்கித் தொகுத்து, திஸ்கித் தலைப்புகள் அனைத்தையும் அதன் வழியாக ஓட்டுங்கள். எந்த வரியில் எத்தனை பைட் தாண்டினீர்கள் என்று அது சொல்லிவிடும். வெளியீடு செல்லத்தக்க யூடிஎஃப்-8 தானா என்பதையும் செயற்கூறே சரிபார்க்க வேண்டும். சி நிரல் தரும் உரையைப் போஸ்ட்கிரெஸ் தானாகச் சோதிப்பதில்லை. கெட்ட பைட் ஒன்று உள்ளே போய்விட்டால், என்றோ ஒரு நாள் காப்புப் பிரதியை மீட்டெடுக்கும்போதுதான் அது தெரியவரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்தையும் சொல்ல வேண்டும்: இந்த மாற்றம் தரவுத்தளத்துக்குள் நடக்கத் தேவையில்லை. லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியோடு வரும் ஐகான்வ் என்னும் குறியாக்க மாற்றுக் கருவிக்குத் திஸ்கி தெரியும். கிளைகளிலிருந்து கோப்பு வந்ததும் அதைக் கொண்டு மாற்றி, ஒருங்குறியாக ஏற்றிவிட்டால், ஒவ்வொரு தேடலிலும் ஒவ்வொரு வரிசைக்கும் மாற்றும் வேலையே இராது. மூலப் பைட்டுகளை ஒரு நெடுவரிசையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தேடலுக்கு ஒருங்குறி நெடுவரிசை இருக்கட்டும்.

பதில் 2: கருங்கல்

ஏட்டுப்பெட்டி அவர்களுக்கு வணக்கம். உங்கள் மேலாளர் சொன்னது பெருமளவு சரி. நான் ஆரக்கிளில் வெளிச் செயல்முறைகளைப் பல ஆண்டுகள் பராமரித்தவன் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆரக்கிள் 8 முதல், அதாவது 1997 முதல், சி நிரலை ஆரக்கிளின் சொந்த நிரல்மொழியான பிஎல்எஸ்கியூஎல் வழியாக அழைக்கலாம். ஆனால் நிரல் சேவையகப் பிராசஸுக்குள் ஏறுவதில்லை. எக்ஸ்ட்பிராக் என்னும் தனி முகவர் பிராசஸ் ஒன்று அந்த அமர்வுக்கென்று தொடங்கப்பட்டு, அதுதான் நிரலை ஏற்றி ஓட்டி, விடையைத் திருப்பி அனுப்புகிறது. உங்கள் 17ஆம் பைட் அங்கே எழுதப்பட்டிருந்தால் முகவர் மட்டும் செத்திருக்கும். உங்கள் அமர்வு, முகவரோடு இருந்த தொடர்பு அறுந்தது என்று ஓஆர்ஏ-28576 என்னும் பிழையைப் பெற்றிருக்கும். முகப்புக் கணினிகள் எதையும் அறிந்திரா. ஐபிஎம்மின் டிபி2 தரவுத்தளம் இதையே அறிவிப்பிலேயே கேட்கிறது: செயற்கூற்றை வேலியிட்டு வெளியே ஓட்டுவதா, வேலியின்றி உள்ளேயே ஓட்டுவதா என்று ஃபென்ஸ்ட், நாட் ஃபென்ஸ்ட் என்னும் இரு சொற்களால் நீங்கள் சொல்லலாம். அந்தச் சொற்கள் எனக்கு மிகவும் பிடித்தவை, ஏனென்றால் எழுதுகிறவர் தாம் என்ன செய்கிறார் என்பதை அந்த ஓரிடத்தில் நின்று யோசிக்கும்படி அவை செய்கின்றன.

ஆனால் வேலிக்கு விலை உண்டு. ஒவ்வோர் அழைப்பும் ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு லட்சம் வரிசைகளுக்கு இரண்டு லட்சம் பயணம். நாங்கள் இதனால் ஒரு மாதாந்தரக் கணக்கீட்டில் மிகவும் அவதிப்பட்டு, கடைசியில் வரிசைகளைத் தொகுப்பாக அடுக்கி ஒரே அழைப்பில் அனுப்பும்படி மாற்றி எழுதினோம். அமைப்பதும் எளிதன்று. முகவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்னும் ஓஆர்ஏ-28575ஐப் பார்க்காமல் முதன்முறையே எக்ஸ்ட்பிராக்கை இயக்கியவரை நான் சந்தித்ததில்லை. இணைப்புக் கோரிக்கைகளை ஏற்கும் லிசனர் நிரலின் கோப்பில் இருக்கும் விசைப்பெயரும் டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பில் இருக்கும் விசைப்பெயரும் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதுதான் வரும்.

விழுவது ஒருபுறம் இருக்க, வெளி நிரல் யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. முகவரை லிசனர் தொடங்கும் அமைப்பில், லிசனர் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராகவே முகவரும் தொடங்கும். பெரும்பாலும் அது ஆரக்கிள் மென்பொருளின் உரிமையாளர். தரவுக் கோப்புகளை நேரடியாகத் திறந்து படிக்கக்கூடியவர். வேலிக்கு வெளியே நிறுத்திய ஆளின் கையில் கருவூலச் சாவியைக் கொடுத்ததற்கு ஒப்பானது இது. இதனால்தான் ஆரக்கிள் 9ஐ பதிப்பின் இரண்டாம் வெளியீட்டிலிருந்து எந்த அடைவிலுள்ள நிரலை ஏற்றலாம் என்பது கட்டுப்படுத்தப்பட்டது. 12சி பதிப்பிலிருந்து, நிரல்தொகுப்பை அறிவிக்கும்போதே அதை எந்த இயங்குதளப் பயனராக ஓட்ட வேண்டும் என்று நற்சான்று ஒன்றை இணைக்கலாம். அதற்கு முந்தைய பதிப்புகளில், எக்ஸ்ட்பிராக்குக்கென்று தனி லிசனர் அமைத்து, எந்த உரிமையும் இல்லாத பயனராக அதைத் தொடங்குவதே எங்கள் வழக்கம்.

போஸ்ட்கிரெஸில் இதே கேள்விக்கு விடை இன்னும் கடுமையானது. மொழி சி என்று அறிவிக்கும் செயற்கூறு போஸ்ட்கிரெஸ் பயனராகவே ஓடும். அதனால்தான் அதை உருவாக்கத் தலைமைப் பயனர் உரிமை கேட்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸுக்குள் பைத்தானில் எழுதுவதற்கான மொழியின் பெயர் பிஎல்பைத்தான்3யூ; அதன் கடைசி எழுத்து, நம்பகமற்றது என்பதைக் குறிப்பது. அம்மொழியில் எழுதுகிறவர் கோப்பைத் திறக்கலாம், கட்டளை ஓட்டலாம், வலையில் பேசலாம், தடுக்க எதுவுமில்லை. பெர்லுக்கு நம்பகமான வடிவமும் நம்பகமற்ற வடிவமும் உண்டு. பைத்தானுக்கு நம்பகமான வடிவம் இல்லை.

ஏட்டுப்பெட்டி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை நூலகம் மூடிய பிறகு நிரல்வழி அவர்கள் சொன்னபடி சோதனை நிரல் எழுதி, முகவரிச் சோதனையோடு ஓட்டினேன். 43ஆவது தலைப்பிலேயே நின்றது. அது "ஸ்ரீ" என்று தொடங்கும் ஒரு தோத்திர நூல். ஒதுக்கீட்டைப் பன்னிரண்டு மடங்காக்கிய பிறகு எல்லாத் தலைப்புகளும் கடந்தன. இறுதியில் ஒட்டிய எழுத்துகளுக்குச் சொன்ன காரணமும் அப்படியே பொருந்திற்று. எங்கள் அட்டவணையில் தலைப்புக்கு அடுத்து வருவது ஆசிரியர் பெயர். அது ஏற்கெனவே ஒருங்குறியில் இருப்பதால், அதைத் திஸ்கியாக வாசித்த நிரல் அதை உருத்தெரியாமல் ஆக்கித் தலைப்பின் வாலாக ஒட்டியிருக்கிறது.

ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும் என்பதை இத்தனை ஆண்டுகளாக அறியாமல் இருந்திருக்கிறேன். ஆயிரம் தலைப்புகளை அதிலும் எங்கள் நிரலிலும் ஓட்டி ஒப்பிட்டேன். வேறுபாடு வந்தவை ஆறு. ஆறிலும் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன் நிற்க, அதற்கும் மெய்க்கும் இடையில் தட்டச்சாளர் தவறுதலாக ஓர் இடைவெளி விட்டிருக்கிறார். திஸ்கியில் கொம்பு முன்னால் வரும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் வர வேண்டும் என்பதால், இத்தகைய இடங்களில் இரண்டு கருவிகளும் வெவ்வேறு முடிவெடுக்கின்றன. அவற்றைக் கையால் திருத்துவதே முறை என்று தோன்றுகிறது. ஆகவே மாற்றத்தைக் கோப்பு ஏற்றும் இடத்துக்குக் கொண்டுபோகிறேன்.

குறுஞ்செய்தி பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. பைத்தானில் எழுதினால் நினைவகப் பிழை வராதே, அப்படியானால் டிரிகரிலிருந்து நேரடியாக அழைப்பதில் என்ன தடை?

பதில் 3: வைகறை

வணக்கம். நினைவகப் பிழை வராது என்பது சரி. ஆனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வியே வேறு. திஸ்கியை மாற்றுவது வெறும் கணக்கீடு. எத்தனை முறை செய்தாலும் ஒரே விடைதான், வெளியுலகில் எதுவும் மாறாது. குறுஞ்செய்தி அப்படியல்ல. அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. தரவுத்தளத்தின் பரிவர்த்தனையோ, கமிட் ஆகும் வரை, அதாவது உறுதிசெய்யப்படும் வரை, எதையும் திரும்பப் பெறலாம் என்னும் வாக்குறுதியின் மேல் நிற்பது. இந்த இரண்டையும் ஒரே டிரிகரில் கட்டும்போதுதான் சிக்கல் எழுகிறது.

உங்கள் முகப்பில் நடப்பதை வைத்தே பார்க்கலாம். பணியாளர் திரும்பி வந்த நூலைப் பதிகிறார். டிரிகர் ஓடி, முன்பதிவு செய்தவருக்கு "உங்கள் நூல் வந்துவிட்டது" என்று செய்தி போய்விடுகிறது. அதே பரிவர்த்தனையில் அடுத்ததாகத் தாமதக் கட்டணம் பதியும்போது ஒரு கட்டுப்பாடு மீறப்பட்டு, எல்லாம் ரோல்பேக் ஆகிறது, அதாவது பழைய நிலைக்குத் திரும்புகிறது. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அந்த நூல் இன்னும் திரும்பவில்லை. வாசகரோ பேருந்து ஏறி வந்துகொண்டிருக்கிறார். பணியாளர் மறுபடி முயன்றால் அவருக்கு இரண்டாவது செய்தியும் போகும்.

நேரமும் ஒரு சிக்கல். செய்தி அனுப்பும் சேவை பதிலளிக்க 30 நொடி எடுத்தால், அந்த 30 நொடியும் பரிவர்த்தனை திறந்தே இருக்கும். அந்த நூலின் வரிசை மீதுள்ள பூட்டும் விடப்படாது. அதே வரிசையை மாற்ற வேண்டிய இன்னொரு பணியாளரின் திரை உறைந்து நிற்கும். வெளியே எங்கோ இருக்கும் ஒரு சேவையின் மெத்தனம் உங்கள் நூல் வழங்கும் வரிசையில் வந்து தெரியும். அந்தச் சேவை முற்றிலும் நின்றுவிட்டால், வாசகர் நூலைத் திருப்பித் தரவே முடியாது என்னும் நிலை உண்டாகும். திருப்பித் தருவதற்கும் குறுஞ்செய்திக்கும் அப்படி ஒரு பிணைப்பு இருக்கக் கூடாது.

நான் பராமரிக்கும் அமைப்பில் இதற்கு ஒரு செய்திப்பெட்டி அட்டவணை வைத்திருக்கிறேன். டிரிகர் வெளியே எதையும் அழைப்பதில்லை. யாருக்கு, என்ன செய்தி என்று ஒரு வரிசையை அந்த அட்டவணையில் சேர்ப்பதோடு அதன் வேலை முடிகிறது. பரிவர்த்தனை ரோல்பேக் ஆனால் அந்த வரிசையும் சேர்ந்தே மறைந்துவிடும். கமிட் ஆனால் இரண்டும் நிலைக்கும். தரவுத்தளத்துக்கு வெளியே, தனிப் பயனராக ஓடும் ஒரு சிறு பைத்தான் நிரல் அந்த அட்டவணையைப் படித்து அனுப்புகிறது. அது விழுந்தால் அது மட்டும்தான் விழும். மறுபடி எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அந்த நிரல் நொடிக்கொரு முறை அட்டவணையைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. டிரிகர் நோட்டிஃபை கட்டளையை எழுப்பலாம். போஸ்ட்கிரெஸ் அந்த அறிவிப்பைக் கமிட் ஆன பிறகே வெளியே விடும் என்பதால், நடக்காத ஒன்றுக்காக நிரல் விழித்தெழாது. ஆனால் அறிவிப்பிலேயே செய்தியை வைத்து அனுப்பிவிடாதீர்கள். அறிவிப்பின் உள்ளடக்கம் 8000 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது ஒரு காரணம். நிரல் ஓடாத நேரத்தில் எழும் அறிவிப்பு யாருக்கும் கிட்டாமல் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அறிவிப்பு எழுப்பிவிட மட்டுமே. உண்மை அட்டவணையில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று அனுப்பும் நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்ட விரும்பினால், 9.5 பதிப்பு முதல் இருக்கும் ஸ்கிப் லாக்ட் என்னும் சொல்லை வினவலில் சேருங்கள். ஒருவர் பூட்டிய வரிசையை மற்றவர் தாண்டிச் சென்று அடுத்ததை எடுப்பார்.

இதிலும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. நிரல் செய்தியை அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்று என்று குறிப்பதற்குள் மின்சாரம் போனால், எழுந்த பிறகு அதே செய்தியை மறுபடி அனுப்பும். இதை உங்கள் பக்கத்தில் மட்டும் வைத்து முழுமையாக அடைக்க முடியாது. ஒவ்வொரு செய்திக்கும் நிலையான ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் சேவை புறக்கணிக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வசதி இல்லாத சேவையாக இருந்தால், ஒரே செய்தி எப்போதேனும் இருமுறை போவதை ஏற்றுக்கொள்ளுங்கள். போகாமல் இருப்பதைவிட அது மேல்.

ஏட்டுப்பெட்டி

வைகறை அவர்களுக்கு நன்றி. பேருந்து ஏறி வரும் வாசகரைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு நன்றாக உறைத்தது. எங்கள் வாசகர்களில் சிலர் 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள்.

செய்திப்பெட்டி அட்டவணையை உருவாக்கிவிட்டேன். டிரிகரில் இப்போது இருப்பது ஒரு சேர்ப்புக் கட்டளையும் ஒரு நோட்டிஃபையும் மட்டுமே. சோதிப்பதற்காக, நூலைத் திருப்பிப் பதிந்த அதே பரிவர்த்தனையில் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுப்பினேன். அட்டவணை காலியாகவே இருந்தது, அனுப்பும் நிரலும் அசையவில்லை. பிறகு அனுப்பும் நிரலை நிறுத்திவிட்டு மூன்று நூல்களைப் பதிந்து, அரை மணி நேரம் கழித்து அதைத் தொடங்கினேன். மூன்று செய்திகளும் என் கைப்பேசிக்கு வந்தன.

சி செயற்கூற்றை உற்பத்திச் சேவையகத்திலிருந்து நீக்கிவிட்டேன். நீக்குவதற்கு முன், அதன் மேல் யாரேனும் தேடலை விரைவாக்கும் குறியீட்டு அட்டவணை (இண்டெக்ஸ்) கட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன். நானே ஒன்று கட்டியிருந்தேன், செயற்கூறு மாறாத விடை தருவது என்று உறுதியளித்து. பிழையோடு ஓடிய நாட்களில் உருவான அந்தக் குறியீட்டில் வால் ஒட்டிய தலைப்புகள் எத்தனை இருந்தன என்பதை இனி எண்ண வேண்டாம் என்று அதையும் சேர்த்தே நீக்கினேன். திருத்திய மூல நிரலைப் பன்னிரண்டு மடங்கு ஒதுக்கீட்டோடும், அதற்கான காரணத்தை விளக்கும் குறிப்போடும் கட்டளை வரிக் கருவியாக வைத்திருக்கிறேன். கிளைகளிலிருந்து வரும் கோப்புகள் வரும் திங்கள் முதல் ஐகான்வ் வழியாக ஏறும்.

நிரல்வழி

மகிழ்ச்சி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐகான்வ், செல்லாத பைட் ஒன்றைக் கண்டதும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதுவரை மாற்றியது மட்டுமே வெளியீட்டில் இருக்கும். அதன் வெளியேற்றக் குறியீட்டை (வெற்றியா தோல்வியா என்று முடியும்போது அது தரும் எண்ணை) சோதிக்காமல் ஏற்றினால், கோப்பின் பாதி மட்டும் ஏறி மீதி காணாமல் போகும். ஏற்றும் முன் உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் வரிகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்றும் ஒப்பிட்டுவிடுங்கள்.